பாய்லரில்தான் கோளாறு

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தபோது நான் விடியற்காலைகளில் வெந்நீர் திருடினேன். அந்தப் பழியை வேறொருவர் ஏற்றுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். அவருடைய பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நல்ல உயரம்; அந்த உயரத்துக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோலக் கொஞ்சம் குனிந்தே நடப்பார். வெள்ளைக் கால்சட்டையின் அடியில் சைக்கிள் கிளிப் எப்போதும் இருக்கும். சைக்கிளை விட்டு இறங்கி வெகு நேரம் ஆன பிறகும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எங்கே எது தப்பாகப் போனாலும் அவர் சாமானைப் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார். தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் ஒரு கிழவி எடை குறைத்துப் போடுவாள் என்பது ஊருக்கே தெரியும். இவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து தராசைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, உங்க தராசு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. பாவம், உங்களுக்குத்தான் தினம் நஷ்டம்" என்றார். கிழவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கை கத்தரிக்காயை அள்ளி அவர் பையில் போட்டாள். வருகிற வழியில் அவர் என்னிடம், நல்ல மனசுக்காரி, ஆனால் சாமான்களைப் பராமரிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

இன்னொரு சமயம், அவர் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் பரீட்சையில் கோதாவரியைக் கொண்டுபோய் அரபிக்கடலில் விட்டிருந்தார்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. வேறு வாத்தியாராக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். இவர் சுவரில் தொங்கிய தேசப்படத்தைப் போய்ப் பார்த்தார். அந்த இடத்தில் துணி மடிந்திருந்ததாம். பின் பெஞ்சிலிருந்து பார்த்தால் நதி மேற்கே போவதுபோலத்தான் தெரியுமாம். படத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மடிப்பை நீக்கினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம் அது. ஓடிப்போனவர்களில் சிலர் திரும்பிவரத் தொடங்கியிருந்தாலும் எங்கள் தெரு பூட்டிய கதவுகளோடுதான் இருந்தது. என் மனைவி கைக்குழந்தையோடு மாயவரத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். வீட்டுக்காரரான முதலியார் தன் குடும்பத்தைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டுக் கீழ்க்கட்டில் தனியாக இருந்தார். பின்கட்டு அறையில் வாத்தியார். மாடியில், அப்போதுதான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்த நான். சாப்பாடு ஆளுக்கொரு ஹோட்டலில். சாயங்காலம் ஆனால் தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி. குழந்தை அழுகிற சத்தமோ, பெண்கள் பேசுகிற சத்தமோ கிடையாது. யாராவது இருமினால் மூன்று பேருக்கும் கேட்கும். ஆனால் யாரும் யாரையும் கூப்பிட்டு என்னவென்று கேட்கமாட்டோம்.

பின்கட்டில் குளியலறையை ஒட்டி ஒரு தாமிர பாய்லர் இருந்தது. நடுவில் கரி போடுகிற குழல், அடியில் சாம்பல் விழுகிற சல்லடை, சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். முன்பு எப்போதோ தண்ணீர் இல்லாமல் காய்ந்து அதன் அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் உருகிவிட்டதாம். அன்றிலிருந்து முதலியார் வீட்டில் ஒரு சட்டம். யார் ஒரு வாளி வெந்நீர் பிடித்தாலும் உடனே ஒரு வாளி பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிவிட வேண்டும். குப்பத்திலிருந்து கன்னியம்மா இருட்டோடு வந்து கரியைப் பற்றவைத்துவிட்டு, வாசல் பெருக்கிக் கோலம் போடப் போய்விடுவாள். தண்ணீர் காய்ந்ததும் முதலில் முதலியார் குளிப்பார், அடுத்து வாத்தியார், கடைசியில் நான். என் முறை வரும்போது இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் கலந்து, வெந்நீர் என்ற பெயர் மட்டும் மிச்சமிருக்கும்.

பட்டணத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த மார்கழியில் எனக்கு உண்மையிலேயே குளிர்ந்தது. ஒரு நாள் கன்னியம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் காய்ந்த சமயம் பார்த்து, கீழே இறங்கி, ஒரு வாளி வெந்நீரைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். போகுமுன் சட்டப்படி ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். இப்போது யோசித்தால் அதுதான் வேடிக்கை. நான் ஒழுங்கான திருடன். தண்ணீர் குறைந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருப்பேன். சட்டத்தை மீறாததால் பிழைத்தேன்.

குளிப்பதற்காக எடுத்தேன் என்று சொல்லமுடியாது. வாளிக்குள் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு இருட்டில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். முழங்கால்வரை சூடு ஏறும். யாரோ பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அவ்வளவுதான். மறுநாளும் எடுத்தேன்.

முதலில் உணர்ந்தவர் முதலியார்தான். முதல் வாளி அவருடையது அல்லவா. "இன்னாங்க இது, வெதவெதன்னு கீது? நான் குளிக்கறதா, கைப்புள்ளைக்கு ஊத்தறதா?" என்று பின்கட்டிலிருந்து கத்தினார். கரி கிடைப்பது அரிதாகியிருந்த காலம். அவருக்கு உடனே ஒரு விடை தோன்றிவிட்டது: கன்னியம்மா கரியை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள்.

வாத்தியார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "கன்னியம்மா மேல தப்பில்லைங்க. பாய்லர்லதான் கோளாறு. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன்" என்றார்.

பார்த்தார். மாதா கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பாய்லரைக் கவிழ்த்து, சல்லடையில் அடைத்திருந்த சாம்பலைக் கம்பியால் குத்தி எடுத்தார். காற்று அடியிலிருந்து ஏறாவிட்டால் கரி கனியாது, வெறுமனே கறுக்கும் என்று எனக்கு விளக்கினார். கம்பியும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். பயத்தில் இரண்டு மூன்று நாள் நான் வெந்நீர் எடுக்கவில்லை. தண்ணீர் கொதித்தது. அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் மாடிப்படியின் கீழ் நின்று, "பார்த்தீங்களா தம்பி, சாம்பல்தான்" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறந்திருந்தால் நன்றாயிருக்கும்.

பிறகு மறுபடி எடுத்தேன். மறுபடி தண்ணீர் ஆறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கரியைச் சந்தேகப்பட்டார். ஈரக்கரி என்று வெயிலில் பாய் விரித்துக் காயவைத்தார். அதற்கடுத்த வாரம் பாய்லரின் உட்புறத்தில் உப்புத் தண்ணீர் படிந்து காரை கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். அது நிஜம்தான், ஓடு ஓடாக வந்தது. புளிக்கரைசல் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒரு கழியில் துணி சுற்றி, உள்ளே தேய்த்துத் தேய்த்துக் கை கொப்பளித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் சில நாள் விட்டுக்கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் ஜெயிப்பார். பிறகு தோற்பார்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், கால் சூடு மட்டும் காரணம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேண்டியிருந்தன. வாரம் முழுவதும் என்னோடு யாரும் பேசாத அந்த வீட்டில், பாய்லர் கெட்டுப்போயிருந்தால்தான் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்பார். பாய்லர் சரியாகிவிட்டால் அவர் தன் அறைக்குப் போய்விடுவார். நான் மாடிக்குப் போக வேண்டியதுதான். இதை அப்போது இவ்வளவு தெளிவாக யோசித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் இது உண்மை.

கடைசியில் அவர் திருவல்லிக்கேணியிலிருந்து பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒரு பாயை அழைத்து வந்தார். பாய் பாய்லரைத் தட்டினார், குழலில் ஊதினார், குழாயைத் திருகினார். "கோளாறு ஒண்ணும் இல்ல வாத்தியாரே. எல்லாம் சுத்தமா கீது. பாய்லரை உட்டுட்டு ஆளப் பாருங்க" என்றார்.

வாத்தியார் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவே இல்லை. "மேல் மூடியைப் பார்க்கலியே நீங்க? கொஞ்சம் கோணலா இருக்கு. ஆவி அது வழியாப் போகலாம் இல்லையா?"

"மூடின்றது தொப்பி மாதிரி. தொப்பி கோணலா இருந்தா தலை சில்லுனு பூடுமா?" என்று சொல்லிவிட்டுப் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். தற்செயலான பார்வையாக இருக்கலாம். நான் மூடியைக் கையிலெடுத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலியார் பாயின் வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தார். மறுநாள் காலை, கன்னியம்மா வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது பின்கட்டுக் கதவை மறித்து நின்றார். சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தேன். கால்கள் அப்போதும் சூடாக இருந்தன.

"முந்தானைய ஒதறு" என்றார் முதலியார்.

அவள் நின்று பார்த்தாள். பிறகு உதறினாள். கரித்தூள் பறந்து வெள்ளைச் சுவரில் பட்டது.

"இன்னா சொல்றே இப்போ?"

"கரி தள்றவ சீலைல கரி இல்லாம சந்தனமா ஐயா இருக்கும்?"

முதலியார் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அவள் வேலை செய்துவந்த மற்ற வீடுகளெல்லாம் ஊரைக் காலி செய்து பூட்டிக் கிடந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் புருஷனுக்குக் கப்பல் வராததால் வேலை இல்லை. மிச்சமிருந்த ஒரே வீடு இதுதான். இதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாய்த்து வைத்தாள்.

வாத்தியார் அறை வாசலில் பல்பொடி கையோடு நின்றிருந்தார். வாய் கொப்பளித்துவிட்டு முன்னே வந்தார்.

"அவங்களை அனுப்பாதீங்க. வெந்நீர் எடுக்கறது நான்தான்."

"யாரு, நீங்களா?"

"எனக்கு முட்டி வலி. அவங்க வாசலுக்குப் போனதும் ஒரு வாளி எடுத்துட்டு, பச்சைத் தண்ணி ஊத்தி வச்சுடறேன். அதனாலதான் அளவு குறையல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் செய்ததை, செய்தபடியே, வரிசை மாறாமல் சொன்னார். நான் எடுப்பதைப் பார்த்திருக்கிறார், இப்போது என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. கன்னியம்மா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

முதலியார் வாய்க்கு வந்தபடி பேசினார். புளி ஊற்றித் தேய்த்ததும் பாயைக் கூட்டிவந்ததும் நாடகமா என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற ஆள் செய்கிற காரியமா என்றார். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். கன்னியம்மாவுக்கு வேலை நிலைத்தது.

அவர் பெட்டியை நான் தூக்கினேன் என்று முதலிலேயே சொன்னேன். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, ஒரு பூகோள உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்களுக்குச் சிரமம் தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூடியை மட்டும் ஒரு தடவை தட்டி நிமித்திடுங்க. எனக்கென்னவோ அதுதான்னு தோணுது" என்றார்.

அன்றோடு நான் வெந்நீர் எடுப்பதை நிறுத்தினேன். பாய்லர் கொதித்தது. முதலியாருக்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆள் போனான், தண்ணீர் காய்கிறது பார் என்று தெருக்கோடி வெற்றிலைக்கடை வரை சொல்லிக்கொண்டு வந்தார். நான் தொடர்ந்து திருடியிருந்தால்கூட வாத்தியாரின் பெயர் தப்பியிருக்கும். நான் யோக்கியன் ஆனதே அவர்மேல் வைத்த முத்திரையாகிவிட்டது. பேச்சு பள்ளிக்கூடம்வரை போய்ப் பையன்கள் அவருக்கு 'வெந்நீர் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகையில் வாளி படம் போட்டார்களாம். அடுத்த வருஷம் அவர் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

யுத்தம் முடிந்தது. மனைவி குழந்தையோடு வந்துவிட்டாள். தியாகராய நகரில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனோம். சில வருஷங்கள் கழித்து ஒரு நாள் கல்லூரியில், ஆசிரியர்கள் கூடியிருந்த அறையில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் தான் படித்த பள்ளிக்கூடத்தில் 'வெந்நீர் வாத்தியார்' என்று ஒருவர் இருந்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நெருக்கமான நண்பர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். அன்றைக்குத்தான் இனிச் சும்மா இருக்கமுடியாது என்று தோன்றியது. அதற்கு இவ்வளவு காலம் ஆனதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

முதலில் முதலியாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அட உடுங்க, இப்போ போய் இன்னாத்துக்கு? ஊரே ஒரு மாதிரி பேசிப் பழகிடுச்சு" என்றார். தான் சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு விருப்பம் இல்லை.

கன்னியம்மாவைக் குப்பத்தில் தேடிப்பிடித்தேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே பேசினாள். "எனக்கு அப்பவே தெரியும் சார். மாடிப்படில ஈரம், நான்தானே தொடைச்சேன். மாடில இருக்கறது நீ ஒருத்தன். நான் சொன்னா மொதலியார் நம்பியிருப்பாரா, நீதான் உட்டிருப்பியா?" பிறகு, "அந்த வாத்தியாரு மவராசன். அவராண்ட சொன்னியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ இங்க இன்னா பண்றே?" என்றாள்.

வாத்தியார் திருவல்லிக்கேணியில் ஒண்டிக்கட்டைகள் தங்குகிற ஒரு கட்டடத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாயவரத்தில் இருந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, மாடி, கால்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைகள், எதையும் விடவில்லை.

அவர் கோபப்படுவார், அல்லது எனக்கு எப்பவோ தெரியும் என்பார். இந்த இரண்டில் ஒன்றுக்குத் தயாராகப் போயிருந்தேன். அவருக்கு விஷயம் பிடிபடவே நேரம் ஆனது.

"நீங்க நெஜமாவே எடுத்தீங்களா?"

"ஆமாம் சார்."

"பச்சைத் தண்ணி ஊத்தி வச்சீங்களா?"

"ஆமாம்."

"அது நான் கட்டின கதை, தம்பி. யாராவது எடுத்தா எப்படி எடுப்பாங்கன்னு யோசிச்சுச் சொன்னேன். அந்தம்மாவைக் காப்பாத்த ஒரு பொய் வேணுமேன்னு." அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "மூடிதான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

வெளியே மசூதிப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவேண்டும் என்று நான் காத்திருந்தேன். அதைச் சொன்னார். ஒரு தடையும் இல்லாமல் சொன்னார். அதன் பிறகு, அதுவரை யாரிடமும் பேசாத ஒன்றை, என்னிடம் சொல்வதுபோல அல்லாமல் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்குக் கல்யாணம் ஆச்சு. சின்ன வயசுல. ரெண்டு வருஷம் இருந்துட்டு அவ என்னை விட்டுட்டுப் போயிட்டா. நாங்க இருந்த வீட்டுல காத்து வராது, அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும், அதான்னு நெனச்சேன். வேற வீடு பார்த்து வச்சேன், ஜன்னல் வச்ச வீடா." பிறகு மெதுவாக, "அந்தப் பழைய வீட்டுல காத்து நல்லாத்தான் வரும்" என்றார்.

எனக்குப் பாரம் இறங்கிவிட்டது என்றுதான் அன்று மாலை டிராமில் வரும்போது நினைத்தேன். அதை எங்கே இறக்கி வைத்தேன் என்று யோசிக்கவில்லை.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது அவரைப் போய்ப் பார்த்தேன். மரியாதை குறையவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போடுவார். ஆனால் சலவைக்காரன் கொண்டுவந்த துணியை அவன் எதிரிலேயே எண்ணினார். கீழே டீக்கடையில் சர்க்கரை குறைந்திருந்தபோது டம்ளரைப் பார்க்காமல் டீ போட்டவனைப் பார்த்தார். அவனும் அதைக் கவனித்தான். அந்தக் கட்டடத்தில் அவரோடு பேசுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது என்னை அறையில் உட்காரவைத்துவிட்டுக் கீழே போய்ப் பால் வாங்கி வந்து, எனக்குக் காபி போடுவதற்காக ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பற்றவில்லை. இரண்டு முறை காற்றடித்தார், புகைந்து அணைந்தது. துவாரம் அடைத்திருக்கும், ஸ்டவ் பின்னை எடுத்துக் குத்துவார், அதைப் பற்றி எனக்கு ஒரு பாடம் நடத்துவார் என்று நான் காத்திருந்தேன். கேட்பதற்கு ஆசையாகக்கூட இருந்தது. அவர் ஸ்டவ்வைக் குனிந்து பார்க்கவே இல்லை. தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் பால் வாங்கப் போயிருந்தப்போ நீங்க இதுல கை வச்சீங்களா, தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இல்லை சார் என்றேன். அது உண்மை. அவர் தலையை ஆட்டிவிட்டு, அணைந்த ஸ்டவ்வின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.